‘எழுத்துல குடுங்கய்யா’

கருவேப்பிலங்குறிச்சி:

“சும்மா ஒரு விசாரணைக்குத்தான். ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ.”

விருத்தாசலம் வட்டத்தில் எந்தக் காலனிக்குப் போனாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிராதவர்கள் குறைவு. பீங்கான் பட்டறையில் அச்சு வார்த்துக்கொண்டிருப்பவரிடமும் இதைச் சொல்வார்கள். முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குபவரிடமும் சொல்வார்கள். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்தப் புகாருக்காகப் போகிறார், யார் அழைத்துப் போனார்கள், எப்போது திரும்புவார் என்பதற்கு வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

“இது புறம்போக்கு, ஒரு வாரத்துல காலி பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகும் அதிகாரியும் காகிதம் தருவதில்லை. அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்துக்கு அனுமதி கேட்டால், “மேலிடத்துல வேண்டாங்கறாங்க” என்று வாயால் பதில் சொல்வதோடு முடித்துவிடுவார்கள்.

உடல், வீடு, பேச்சு என்று மூன்று உரிமைகளும் மூன்று வாய்ச்சொற்களில் போய்விடுகின்றன. இத்தனைக்கும் அரசு என்பது எழுத்தால் நடக்கும் அமைப்பு. தாலுகா அலுவலகத்தில் ஒரு நாற்காலி வாங்கவும் கோப்பு வேண்டும், குறிப்பு வேண்டும், கையெழுத்து வேண்டும். அதே அரசு சேரித் தெருவுக்குள் வரும்போது மட்டும் ஏன் எழுத்தை மறந்துவிடுகிறது? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கடலூர் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் பட்டியல் சாதியினர். அவர்கள் அரசைப் பார்த்துக் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் வட்டத்திலேயே நடந்த இரண்டு வழக்குகள் அதைச் சொல்லும்.

முதனையிலிருந்து மீன்சுருட்டி வரை

1993 மார்ச் மாதம். அன்று இது தென்னார்க்காடு மாவட்டம்; கடலூர் தனி மாவட்டம் ஆனது அதே ஆண்டு செப்டம்பரில்தான். முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, குறவர் சமூகத்தவர், கூலித் தொழிலாளி. ஒரு நகைத் திருட்டுப் புகாரில் கம்மாபுரம் காவல் நிலையத்தார் அவரைத் தேடினார்கள். அவர் கிடைப்பதற்கு முன்பே அவருடைய மனைவி பார்வதியையும் உறவினர்களையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ராஜாக்கண்ணுவும் சிக்கினார். அடி தாங்காமல் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ‘அவன் காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டான்’ என்றது போலீஸ். அவரது உடலோ வேறு மாவட்ட எல்லையில், மீன்சுருட்டி பக்கம், அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தது. மனைவிக்கு ஒரு தகவலும் இல்லை. கணவன் கைதாகியிருந்தால் கைதுக் குறிப்பு இருக்க வேண்டும். தப்பியிருந்தால் தேடிய குறிப்பு இருக்க வேண்டும். இறந்திருந்தால் இறப்புக் குறிப்பு இருக்க வேண்டும். பார்வதியின் கையில் எதுவுமே இல்லை.

மார்க்சிஸ்ட் கட்சியின் உள்ளூர் ஊழியர்கள் துணை நின்றார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. பார்வதிக்காக வாதாடியவர் வழக்கறிஞர் கே.சந்துரு, பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஆனவர். ‘ஆளைக் கொண்டுவந்து நிறுத்து’ என்று நீதிமன்றம் கேட்டதும் வாய்ச்சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது. பதிவேட்டைக் காட்ட வேண்டியதாயிற்று. காட்டிய பதிவேடு ஒன்று சொன்னது, சாட்சிகள் வேறொன்று சொன்னார்கள். அடையாளம் தெரியாத பிணத்தின் புகைப்படம் அடையாளம் காணப்பட்டது. 13 ஆண்டுகள் கழித்து, 2006-இல், காவலர்கள் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இந்த வழக்கை ஊரறியச் செய்தது. படத்தில் இருளர் என்று காட்டப்பட்டவர்கள் உண்மையில் குறவர்கள். படம் வழக்கறிஞரின் வாதத்திறனைப் பேசியது, தவறில்லை. ஆனால் பார்வதியின் கோணத்தில் பார்த்தால் வழக்கின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்தே இல்லாமல் நடந்த ஒரு கைதை, ஒரு மனுவின் மூலம் எழுத்துக்குள் இழுத்துவந்தார் அவர்.

அதே வாரம், டெல்லியில்

ராஜாக்கண்ணு காணாமல் போன அதே மார்ச் மாதத்தில், 24-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒடிசாவைச் சேர்ந்த நீலாபதி பெஹரா என்ற தாயின் வழக்கு அது. 1987 டிசம்பரில் போலீஸ் அழைத்துச் சென்ற அவருடைய 22 வயது மகன் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். அங்கும் ‘தப்பி ஓடும்போது ரயிலில் அடிபட்டான்’ என்ற அதே கதைதான். அந்தத் தாயால் வக்கீல் வைத்து ரிட் மனு போட முடியவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. அரசு 1.5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காவலில் ஒருவர் உயிரிழந்தால் ‘அரசுக்கு இறையாண்மை இருக்கிறது, இழப்பீடு கேட்க முடியாது’ என்ற பழைய வாதம் செல்லாது என்று நிலைநாட்டிய வழக்கு அது.

கைது செய்யும்போது காவலர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்ட டி.கே.பாசு தீர்ப்பும் ஒரு கடிதத்தில்தான் தொடங்கியது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பை நடத்திய பாசு 1986-இல் எழுதிய கடிதம் அது. தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 18-இல். கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், உடலில் காயம் இருந்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. ஒவ்வொரு விதியும் ஏதோ ஓர் எழுத்தை உருவாக்குகிறது. போலீஸ்காரரின் மனசாட்சியை மட்டும் நம்பி விதி எழுதக்கூடாது என்ற அனுபவத்தில் எழுதப்பட்டவை இவை.

இந்த விதிகள் எல்லாம் வந்த பிறகும் 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். அதுவும் நகை காணாமல் போன புகார்தான். முறையாக எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. முதனைக்கும் மடப்புரத்துக்கும் இடையே 32 ஆண்டுகள். புகார் ஒன்று, முறையும் ஒன்று. இரண்டிலும் முதலில் காணாமல் போனது காகிதம்.

எழுத்தும் பொய் சொல்லும்

‘காகிதம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வட்டத்தின் இரண்டாவது வழக்கு அதைத்தான் பேசுகிறது.

2003 ஜூலை 8. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. தலித் இளைஞரும் பொறியியல் பட்டதாரியுமான முருகேசன், வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகியைப் பதிவுத் திருமணம் செய்திருந்தார். இருவரையும் பிடித்து, விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள் பெண்ணின் உறவினர்கள். விருத்தாசலம் போலீசார் உடனே வழக்குப் பதியவில்லை. பல நாட்கள் கழித்து, செய்தி வெளியே வந்த பிறகு, எஃப்.ஐ.ஆர். பதிவானது. அதில் ஒரு பக்கம் கண்ணகியின் உறவினர்கள் நான்கு பேர், மறுபக்கம் முருகேசனின் தரப்பில் நான்கு பேர். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தையே குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். ‘இரு தரப்பும் சேர்ந்து அவரவர் பிள்ளையைக் கொன்றார்கள்’ என்று காகிதம் சொன்னது.

மதுரை வழக்கறிஞர் பொ.ரத்தினம் உள்ளிட்டோரின் முயற்சியால் வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக 2004-இல் சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பர் 24-இல் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனையும் மற்றவர்களுக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. தண்டிக்கப்பட்டவர்களில் வழக்கைத் திரித்த காவல்துறை அதிகாரிகளும் இருந்தார்கள். 2022-இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனைகளை உறுதி செய்தது. 22 ஆண்டுகள்.

முதனையில் காகிதம் இல்லை. புதுக்கூரைப்பேட்டையில் பொய்க் காகிதம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. அரசு எழுதும் எழுத்தை மட்டும் நம்பியிருந்தால் போதாது. நம் தரப்பு எழுத்தும் அதே நாளில் பிறந்திருக்க வேண்டும். சம்பவம் நடந்த அன்றே எழுதிய புகார், அன்றே போட்ட விரைவுத் தபால், அன்றைய தேதியுள்ள ரசீது ஆகியவை இருந்தால், பின்னால் யாரும் கதையை மாற்றி எழுதுவது கடினம். ஒரு காலத்தில் தலித் இயக்கத்தினர் ஆளைப் பிடித்துப் போன உடனே எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் தந்தி கொடுப்பார்கள். தந்தியில் நேரம் பதிவாகும். நீதிமன்றத்தில் அது பேசும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுவிட்டது. ஆனால் தந்தி செய்த வேலையை இன்று ஒரு மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் செய்ய முடியும்.

வீட்டுக்குள் வந்த அரசு

தனிமனித உரிமை என்றால் உடல் மட்டும் அல்ல. கூலிக்காசில் சேர்த்த பாத்திரமும் தகரப் பெட்டியும் அதற்குள் இருக்கும் சான்றிதழும் உரிமைதான். சொத்துரிமை பணக்காரர்களின் கவலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தமிழகத்தில் அரசே வீடு புகுந்து சொத்தை அழித்த இரண்டு பெரிய நிகழ்வுகளும் எளிய மக்களின் ஊரில்தான் நடந்தன.

1992 ஜூன் 20-இல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஊழியர்கள் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கிணறு அசுத்தமாக்கப்பட்டது. ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்றது அரசுத் தரப்பு. தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை நிலைமையை மாற்றியது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் 2011 செப்டம்பர் 29-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023-இல், அதே செப்டம்பர் 29-இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

1995 ஆகஸ்ட் 31-இல் அன்றைய வ.உ.சிதம்பரனார் மாவட்டத்தின் கொடியங்குளம். சுற்று வட்டாரச் சாதி மோதலில் குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்று நூற்றுக்கணக்கான போலீசார் ஊருக்குள் இறங்கினார்கள். வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் வேலை பார்த்து ஓரளவு தலைநிமிர்ந்திருந்த தலித் ஊர் அது. டி.வி., மின்விசிறி, தையல் இயந்திரம், விவசாயக் கருவிகள் எல்லாம் உடைக்கப்பட்டன. குடிநீர்க் கிணற்றில் விஷம் கலக்கப்பட்டது. பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. குற்றவாளியைத் தேடிப் போனவர்களுக்குப் பாஸ்போர்ட்டைக் கிழிக்கும் வேலை எதற்கு? இந்த மக்கள் மேலே ஏறிப் போவதற்கு வைத்திருந்த ஏணி எது என்று வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டைச் சோதனை போடுவதற்குச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவுப்படி, அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். எடுத்த பொருட்களுக்குப் பட்டியல் போட வேண்டும். அதன் நகலை வீட்டுக்காரரிடம் தர வேண்டும். வாரண்ட் இல்லாமல் அவசரச் சோதனை போடுவதாக இருந்தால், ஏன் என்று அதிகாரி எழுதிவைக்க வேண்டும் என்கிறது 185-ஆவது பிரிவு. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆவது பிரிவு புதிதாகச் சொல்கிறது. கொடியங்குளத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தாலும் போலீசார் நிறுத்தியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வீடியோ எங்கே, பட்டியல் எங்கே என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நிலத்துக்கு மட்டும் வராத அரசு

அழைக்காமல் வீட்டுக்குள் வரும் அரசு, அழைத்தாலும் வராத ஓர் இடம் உண்டு. அது பஞ்சமி நிலம்.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததே இவர்கள் அடிமைப்பட்டுக் கிடக்கக் காரணம் என்றார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. அன்றைய சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த கதை.

1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். நிலத்தை மீட்டுத் தரும் அதிகாரம் அரசாணையிலேயே இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்டவர்கள் மீது தோட்டா பாய்ந்தது.

இதிலும் எழுத்துதான் பிரச்சினை. பழைய பதிவேடுகளில் ‘டி.சி. நிபந்தனை நிலம்’ என்று எழுதியிருக்கும். 1980-களில் யு.டி.ஆர். பதிவேடு எழுதப்பட்டபோது பல இடங்களில் அந்தக் குறிப்பு புதிய பக்கத்துக்கு வரவில்லை. ஒரு எழுத்தர் விட்டுவிட்ட ஒரு வரியால் ஒரு குடும்பத்தின் நிலம் சாதாரணப் பட்டா நிலமாகிவிட்டது. ஆகவே பஞ்சமி நிலம் தேடுபவர்கள் கணினிப் பட்டாவோடு நிற்கக் கூடாது. யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலைக் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘பதிவேடு இல்லை’ என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு ஆதாரம்தான்.

குடிசையைக் காலி செய்யச் சொல்லும்போதும் இதே கதைதான். சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை அல்ல. 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஆனால் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று 300-ஏ பிரிவு சொல்கிறது. புறம்போக்கு நிலமாகவே இருந்தாலும், 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் 7-ஆவது பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். பிறகுதான் 6-ஆவது பிரிவில் அகற்றலாம். அதற்கும் மேல்முறையீடு உண்டு. 2024 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம், கட்டடத்தை இடிக்கும் முன் 15 நாள் அவகாசத்துடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் தர வேண்டும் என்றது. சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது. ஆனாலும் அங்கேயும் ஜே.சி.பி. வருவதற்கு முன் சட்டப்படியான நோட்டீஸ் வர வேண்டும்.

கூண்டுக்குள் சிலை

தமிழகத்தில் பல ஊர்களில் அம்பேத்கர் சிலை இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. சிலையை உடைப்பவர்களைத் தடுக்க முடியாத அரசு, சிலையைச் சிறை வைக்கிறது. தலித் மக்களின் பேச்சுரிமையும் கிட்டத்தட்ட இந்த நிலையில்தான் இருக்கிறது. கூட்டம் நடத்தினால் ‘சட்டம் ஒழுங்கு கெடும்’ என்பார்கள். கெடுப்பது யார் என்று சொல்ல மாட்டார்கள்.

1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2) பிரிவு இன்றும் மாவட்டங்களில் அமலில் இருப்பதாக அவ்வப்போது அறிவிப்பு வரும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். கூட்டத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. அடியோடு தடுக்க அல்ல என்று 1972-இலேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017-இல் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆனால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால் கையில் மறுப்பாணை வேண்டும். வாயால் மறுத்ததை எதிர்த்து வழக்குப் போடுவது கடினம். அதனால்தான் வாயால் மறுக்கிறார்கள். கூட்டத்துக்கு அனுமதி கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள், மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

என்னென்ன கேட்கலாம்?

வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியவை சில:

விசாரணைக்கு அழைத்தால், எழுத்தில் சம்மன் கேளுங்கள். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். இது 179-ஆவது பிரிவு.

கைது என்றால், காரணம் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பின் பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில் மட்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு, பெண் காவலர் வழியாகச் செய்யலாம்.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது, ‘அடித்தார்களா?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அங்கே எழுதப்படும் ஒரு வரி பிறகு பத்துச் சாட்சிக்குச் சமம்.

எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்பு கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். சம்பவ நாளின் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே மனுக் கொடுங்கள்.

புகார் கொடுத்தால், மனு ஏற்பு ரசீதோடு திருப்தி அடைய வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று நின்றுவிட வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. வன்கொடுமைப் புகார்களுக்கான எண் 14566.

‘இதையெல்லாம் கேட்டால் இன்னும் ரெண்டு அடி சேர்த்து விழுமே’ என்று சொல்வார்கள். உண்மைதான். சட்டப் புத்தகத்தைக் காட்டித் தனியாளாய் நிற்பவரை ஸ்டேஷன் மதிக்காது. அதனால்தான் தனியாகக் கேட்கக் கூடாது. ஒருவரை அழைத்துப் போகும்போது பத்துப் பேர் கூடப் போக வேண்டும். அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒருவர் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வந்த வண்டியின் எண், வந்தவரின் பெயர்ப் பட்டை, மணி என்ன என்று அவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஊர் முழுக்கக் கூடி நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்கு அடி விழுவதில்லை.

அரசமைப்புச் சட்டத்தில் எது மிக முக்கியமான பிரிவு என்று கேட்டால் 32-ஐத்தான் காட்டுவேன் என்று 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் பேசினார் அம்பேத்கர். அதை அரசமைப்பின் ஆன்மா என்றார். உரிமைகளின் பெயர்ப் பட்டியல் அந்தப் பிரிவில் கிடையாது. உரிமை பறிபோனால் மனு எழுதி நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் வழியை அது தருகிறது. எழுதவும் படிக்கவும் தடுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்தவர், உரிமையின் உயிரை மனுவில் வைத்தார்.

கருவேப்பிலங்குறிச்சியும் கம்மாபுரமும் முதனையும் ஒரே வட்டத்து ஊர்கள். முதனையில் ஒரு பெண் 1993-இல் வெறுங்கையோடு ஸ்டேஷன் வாசலில் நின்றார். இன்று நம் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செல்போன் இருக்கிறது. அடுத்த முறை யாராவது வந்து “சும்மா ஒரு விசாரணைக்குத்தான்” என்று சொன்னால், பதிலுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்.

“வர்றோம். எழுத்துல குடுங்கய்யா.”